பறவை கொணர்ந்த விடை

புரட்டாதி, ஐப்பசி மாதங்களில் இலங்கையின் மரநிழல் மிக்க தோட்டங்களிலே புதியதொரு குரல் கேட்கத் தொடங்கும். காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ ஆறு மணியளவிற் கூவுவதால் அதற்குரிய பறவையை ஆறுமணிக் குருவி என்று தமிழ் மக்கள் அழைத்தனர். பச்சை முதுகும், நீலம் தோய்ந்த சிறகும், வாலின் கீழே செந்நிறமும் உடைய அக்குருவி, சருகுகளைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று சில மாதங்கள் தங்கும். சித்திரை கழிந்ததும் அதன் குரல் அடங்கிவிடும். “குருவி எங்கே போய்விட்டது?” என்று வீட்டுக் குழந்தை கேட்கும். பெரியவர்கள் ஏதோவொரு விடை கூறி அமைவர்.

குழந்தை கேட்கும் இக்கேள்வி எளியதன்று. ஐரோப்பாவின் அறிஞர் பெருமக்கள் இதே கேள்விக்கு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடினர். அங்கே கேள்விக்கு உரியதாயிருந்தது தகைவிலான் குருவி. வீட்டு இறவாரங்களிற் கூடு கட்டிக் கோடை முழுவதும் வாழும் அக்குருவி, குளிர்காலம் நெருங்கியதும் ஒருங்கே மறைந்துவிடும். இளவேனிலில் மீண்டும் தோன்றும். இடைப்பட்ட மாதங்களில் அது எங்கே இருக்கிறது?

கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில், பெருங்கொக்குகள் வடநாட்டுச் சமவெளிகளிலிருந்து எகிப்துக்குத் தெற்கேயுள்ள சதுப்பு நிலங்களுக்குச் செல்வதை அறிந்திருந்தார். எனினும் தகைவிலான் குருவிகளுட் பல, இறகுகளை உதிர்த்துவிட்டுப் பொந்துகளில் ஒளிந்து கிடப்பதாக எழுதிவைத்தார். அவருடைய பெயருக்கிருந்த மதிப்பினால் அக்கூற்று நெடுங்காலம் நிலைபெற்றது. 1555ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுப் பேராயர் ஒலாவுஸ் மக்னுஸ் இன்னும் ஒருபடி மேலே சென்றார். குருவிகள் ஒன்றோடொன்று பிணைந்து நீருக்கடியில் உறங்குகின்றன என்றும், மீனவர் வலையில் அவை திரளாக அகப்படுகின்றன என்றும் அவர் எழுதினார். தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் முறைப்படி பெயரிட்ட பேரறிஞர் லின்னேயஸும் நீருக்கடியில் உறங்கும் கதையை நம்பினார். இங்கிலாந்திலோ சாள்ஸ் மோட்டன் என்பவர், பறவைகள் அறுபது நாள் பறந்து சந்திரனுக்குச் செல்கின்றன என்று வாதிட்டார்.

இவற்றைக் கேட்டு நகைப்பது எளிது. ஆயினும் அவ்வறிஞர் வெறுங்கனவு கண்டவர் அல்லர். தகைவிலான் குருவிகள் புறப்படுமுன் நீர்நிலைகளின் ஓரத்திலுள்ள நாணற் புதர்களில் ஆயிரக்கணக்கிற் கூடி இரவைக் கழிப்பது வழக்கம். மாலையில் நீரருகே திரண்ட குருவிகள் சில நாட்களின் பின் அங்கே இல்லையென்றால், நீருக்குள் மூழ்கின என்று எண்ணுவது இயல்பே. மேலும், அக்குருவியின் நிறை ஏறக்குறைய 20 கிராம். அதாவது இரண்டரைப் பவுண். இரண்டரைப் பவுண் நிறையுள்ள உயிர் கடலையும் பாலைவனத்தையும் கடக்கும் என்பது, நீருக்கடியில் உறங்கும் என்பதைக் காட்டிலும் நம்புதற்கு அரியதாய்த் தோன்றியது.

பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் செல்போண் கிராமத்தில் வாழ்ந்த குருவானவர் கில்பேட் வைட் இதனைக் கண்ணாற் கண்டே முடிவு செய்ய விரும்பினார். ஜிப்ரோல்டரில் இருந்த அவருடைய தம்பி, குருவிகள் கடலைக் கடந்து செல்வதைக் கண்டு எழுதினார். வைட் அதனை ஏற்றார். ஆனாற் சில குருவிகளேனும் ஊரிலேயே ஒளிந்து கிடக்கலாம் என்ற ஐயம் அவரை விட்டு நீங்கவில்லை. 1789ஆம் ஆண்டில் வெளிவந்த அவருடைய நூலில் அந்த ஐயம் மறைக்கப்படாமல் இடம்பெற்றுள்ளது.

மறுக்கவியலாத முதற் சான்று 1822ஆம் ஆண்டில் வந்தது. ஜேர்மனியின் குளூட்ஸ் என்னும் ஊரருகே ஒரு நாரை சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன் கழுத்தை ஊடுருவி ஏறத்தாழ 80 சென்ரிமீற்றர் நீளமான ஈட்டியொன்று நின்றது. அந்த ஈட்டி ஆபிரிக்க மக்கள் செய்தது. கழுத்திற் பாய்ந்த ஈட்டியோடு அப்பறவை ஆபிரிக்காவிலிருந்து தன் ஊர்வரை பறந்து வந்திருந்தது! அதன் உடல் ரொஸ்ரொக் பல்கலைக்கழகத்தில் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

ஆனால் ஈட்டி தைத்த நாரைக்காக அறிவியல் காத்திருத்தல் இயலாது. பறவைக்கு ஊறு செய்யாமலே அதனிடம் ஓர் அடையாளத்தைக் கொடுத்தனுப்ப வேண்டும். அவ்வழியை முறையாகத் தொடங்கியவர் டென்மார்க்கின் விபோர்க் நகரத்துப் பாடசாலை ஆசிரியர் ஹன்ஸ் கிறிஸ்ரியன் மோட்டென்சன். முதலில் அவர் துத்தநாக வளையங்களைச் செய்து பார்த்தார், அவை பாரமாயிருந்தன. பின்னர், 1899ஆம் ஆண்டில், மெல்லிய அலுமினிய வளையங்களில் இலக்கமும் ஊர்ப்பெயரும் பொறித்து, மைனா இனத்தைச் சேர்ந்த ஸ்ரார்லிங் என்னும் பறவைகள் 165இன் கால்களில் அணிவித்துப் பறக்கவிட்டார். அம்முறை விரைவிற் பிற நாடுகளுக்கும் பரவியது. இங்கிலாந்தில் அது 1909ஆம் ஆண்டில் தொடங்கிற்று.

1911ஆம் ஆண்டு மே மாதத்தில், ஸ்ரபோட்சயர் மாவட்டத்துச் சீடில் நகரில் ஜோன் மேஸ்பீல்ட் என்னும் சட்டத்தரணி, தம் வீட்டு வாயிலிற் கூடு கட்டிய தகைவிலான் குருவி ஒன்றுக்கு வளையம் அணிவித்தார். அடுத்த ஆண்டு டிசெம்பர் மாதத்தில், தென்னாபிரிக்காவின் நேற்றால் மாகாணத்தில் ஒரு பண்ணை வீட்டினுள் அகப்பட்ட குருவியின் காலில் அவ்வளையம் காணப்பட்டது. அதிலிருந்த இலண்டன் முகவரிக்கு அங்கிருந்து ஒரு கடிதம் புறப்பட்டது. ஏறத்தாழ 6,000 மைல்! இரண்டாயிரம் ஆண்டுக் கேள்விக்கு விடை ஒரு கடித உறையில் வந்து சேர்ந்தது.

அந்தக் கடிதம் எழுதப்படாமலே போயிருக்கவுங் கூடும். வளையத்தைக் கண்டவர் அதனை எறிந்துவிட்டுத் தம் வேலையைப் பார்த்திருந்தால், குருவி சுமந்து வந்த செய்தி பண்ணை வாயிலிலேயே அழிந்திருக்கும். பேரறிஞர் பலர் ஊகித்துத் தவறிய இடத்தில், ஓர் ஆசிரியரின் பொறுமையும், ஒரு சட்டத்தரணியின் ஆர்வமும், கடல் கடந்த ஊரில் ஒருவர் எடுத்துக்கொண்ட சிறு சிரமமும் உண்மையை நிலைநாட்டின.

பறவையிடம் செய்தி கொடுத்தனுப்பும் எண்ணம் தமிழருக்குப் புதியதன்று. வறுமையுற்றுப் பாண்டியன் நகரிலே குளிரில் வாடிய சத்திமுத்தப் புலவர், குமரியில் நீராடி வடக்கே திரும்பும் செங்கால் நாரையிடம் தம் மனைவிக்குத் தூது சொன்னார். தென்றிசை வந்த பறவை வடதிசை மீளும் என்பதை அவர் அறிந்தேயிருந்தார். இக்காலத்தில் அத்தூது மின்கருவி மூலம் நடைபெறுகிறது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர் மன்னாரிற் கருவி பொருத்திய கடற்காகம் ஒன்று, 2021ஆம் ஆண்டில் உருசியாவின் வடகோடியிலுள்ள ஆர்க்டிக் பகுதியை அடைந்ததை அக்கருவியே அறிவித்தது.

ஆறுமணிக் குருவியின் ஊரும் இன்று தெரிந்ததே. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் உள்ள காடுகளில் அது கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கிறது. மாரிக்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருகிறது. வந்திறங்கும் நாட்களிற் களைப்பு மிகுந்து வீடுகளுக்குள் அது புகுந்துவிடுவதும் உண்டு. அவ்வாறு புகுந்த குருவியைக் கையில் எடுப்பவர், பறக்க விடுமுன் அதன் காலை ஒருமுறை பார்த்தல் நன்று. அங்கே ஒரு வளையம் இருக்குமாயின், எங்கோ ஒருவர் கடிதத்துக்காகக் காத்திருக்கிறார்.