ஒலிநாடாவிலிருந்து திரைக்கு: பி.பி.சி. மைக்ரோ கணினியின் உரைச்சாகச விளையாட்டுகளும் தமிழ் இடைமுகமும்

ஆய்வுச்சுருக்கம்

1980களில் இந்தியப் பள்ளிகளுக்கு வந்த பி.பி.சி. மைக்ரோ கணினியில் உரைச்சாகச விளையாட்டு ஏற்றப்பட்டு இயங்கிய முறையை இக்கட்டுரை விளக்குகிறது. அத்தகைய விளையாட்டைத் தமிழில் அமைப்பதற்குத் தடையாக நின்றவை அக்கணினியின் நினைவகமும் எழுத்துருச் சில்லுமே, தமிழின் தொடரமைப்பு அன்று என்பதை இது நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: உரைச்சாகச விளையாட்டு, பி.பி.சி. மைக்ரோ, கிளாஸ் திட்டம், ஒலிநாடா, வேற்றுமை உருபு, தமிழ்க் கணிமை

முன்னுரை

தமிழ்க் கணிமை வரலாறு பெரும்பாலும் எழுத்துரு, விசைப்பலகை, குறியேற்றம் ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்படுகிறது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழிணையம் மாநாடு அதன் முதன்மையான மைல்கல்லாகக் கொள்ளப்படுகிறது. அதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே கணினி பள்ளிக்குள் நுழைந்துவிட்டது. 1984-85இல் நடுவண் அரசு ‘கிளாஸ்’ என்னும் பள்ளிக் கணினியறிவுத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கியது. அதற்கெனப் பெறப்பட்ட 12,000 பி.பி.சி. மைக்ரோ கணினிகள் மாநில அரசுகள் வழியாகப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டன. பஞ்சாபின் மொகாலியிலுள்ள செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் நிறுவனம் இக்கணினியை ‘யூனிகார்ன்’ என்னும் பெயரில் உருவாக்கியது. அத்திரையில் மாணவர் கண்ட மொழி எது, அது ஏன் அவ்வாறு அமைந்தது என்பன ஆராயத்தக்கன.

உரைச்சாகச விளையாட்டின் தோற்றம்

அமெரிக்க நிரலாளரும் குகை ஆய்வாளருமான வில் கிரௌதர், கென்டக்கி மாநிலத்து மாமத் குகையின் ஒரு பகுதியை அடியொற்றி 1975-76 அளவில் ‘அட்வெஞ்சர்’ என்னும் விளையாட்டை எழுதினார். ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த டான் உட்ஸ் 1977இல் அதனை விரிவாக்கினார். இதில் படம் இல்லை. இடம் சொற்களால் வருணிக்கப்படும். விளையாடுபவர் ‘விளக்கை எடு’, ‘மேற்கே போ’ என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஓரிரு சொற்களைத் தட்டச்சிடுவார். பெருங்கணினிக்குரிய இவ்வடிவம் விரைவில் வீட்டுக் கணினிக்கும் வந்தது. ஏகார்ன்சாஃப்ட் நிறுவனம் பி.பி.சி. மைக்ரோவுக்கென ‘ஸ்ஃபிங்ஸ் அட்வெஞ்சர்’, ‘ஃபிலாசஃபர்ஸ் குவெஸ்ட்’ முதலியவற்றை வெளியிட்டது. 1983இல் வெளிவந்த ‘கிரானீஸ் கார்டன்’ பிரித்தானியத் தொடக்கப் பள்ளிகளில் பரவலாகப் பயன்பட்டது. இவ்வாறு சாகச விளையாட்டு மொழிப்பயிற்சிக் கருவியுமாயிற்று.

ஏற்றலின் பொறிமுறை

விளையாட்டு ஒலிநாடாவில் ஒலியாகப் பதிவாகியிருக்கும். நாடாப்பதிவியைக் கணினியுடன் இணைத்து, ‘செயின்’ என்னும் கட்டளையைக் கொடுத்து, நாடாவை ஓடவிட வேண்டும். தரவு நொடிக்கு 1200 பிட் வேகத்தில், 256 பைட் கொண்ட தொகுதிகளாகப் படிக்கப்படும். ஒவ்வொரு தொகுதிக்கும் பிழைசோதனை உண்டு. பழுது கண்டால் நாடாவைப் பின்சுற்றுமாறு திரை பணிக்கும். பின்சுற்றினால் பழுதான தொகுதியிலிருந்து தொடரலாம். ஒரு பைட்டுக்குத் தொடக்க, முடிவுக் குறிகள் உட்படப் பத்து பிட் ஆதலால், 27 கிலோபைட் நிரல் ஏற நான்கு நிமிடத்திற்கு மிகுதியாகும்.

நினைவகமும் எழுத்தும்

பி மாதிரிக் கணினியின் நினைவகம் 32 கிலோபைட். உரைச்சாகச விளையாட்டுகளுக்கு உகந்தது ஏழாம் திரைமுறை. அது ஒரு கிலோபைட்டை மட்டுமே கொள்ளும். கணினியின் உள்பயன்பாடு போக நிரலுக்கு ஏறத்தாழ 27 கிலோபைட் எஞ்சும். ஆனால் அம்முறையில் எழுத்துகளைத் தருவது தனிச்சில்லு. அதில் பொறிக்கப்பட்ட உரோமன் வடிவங்களை நிரலால் மாற்ற இயலாது. புதிய எழுத்துகளை வரையறுக்க வேண்டுமாயின் பிற திரைமுறைகளுக்கு மாற வேண்டும். அவை 8 முதல் 20 கிலோபைட் வரை கொள்வன. ஆறாம் முறையில் நிரலுக்கு எஞ்சுவது 20 கிலோபைட் அளவே. மேலும், எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டத்தில் ‘ண’, ‘ஞ’ போன்ற அகன்ற எழுத்துகள் தெளிவாக அடங்கா. அவற்றிற்கு இரு கட்டங்கள் வேண்டும். ஆகவே தமிழ்த்திரை என்பது ஏறத்தாழ 7 கிலோபைட் கதையை இழப்பதாகும்.

தமிழ்த் தொடரமைப்பு

அட்வெஞ்சர் ஒவ்வொரு சொல்லின் முதல் ஐந்து எழுத்துகளை மட்டுமே ஒப்பிட்டது. தமிழில் உருபு சொல்லிறுதியில் சேர்வதால் இவ்வுத்தி தமிழுக்கும் பொருந்தும். ‘சாவியை’, ‘பெட்டியைத்’ ஆகியவற்றில் பெயரடி மாறாமல் முன்னிற்கிறது. மிகும் ஒற்றும் வெட்டுண்டு போகும். ‘வீடு – வீட்டை’, ‘மரம் – மரத்தை’ போன்று அடி திரியும் பெயர்களுக்கு இரு வடிவங்களைச் சேமிக்க வேண்டும். ஒரு விளையாட்டுக்கு இருநூறு பெயர்கள் எனக் கொண்டு, கூடுதல் வடிவம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து பைட் ஒதுக்கினாலும் ஒரு கிலோபைட் போதும். ‘சாவி எடு’ என உருபு தொக்கு வருதலும் தமிழுக்கு இயல்பே. வினை இறுதியில் நிற்பதால் சொல்வரிசையைத் திருப்பிப் படித்தால் அமையும். திரைக்கான இழப்போடு ஒப்பிட மொழிக்கான செலவு மிகச் சிறிது.

முடிவுரை

கல்வராயன் மலையடிவாரத்து வடக்கனந்தல் அக்காலத்தில் தென்னார்க்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. அத்தகைய ஊரின் தமிழ்வழி மாணவருக்குப் பி.பி.சி. மைக்ரோ விதிக்கும் முதல் நிபந்தனை ஆங்கில வினைச்சொல்லாகவே இருக்கும். அந்நிபந்தனை தமிழின் இயலாமையால் எழுந்ததன்று. உரோமன் எழுத்துக்கென வார்க்கப்பட்ட சில்லும் விலைமிக்க நினைவகமும் விதித்தது. கணிமைக்குத் தமிழ் தாமதமாக வந்தது என்னும் கூற்றை இவ்வேறுபாட்டோடு திருத்திப் படித்தல் வேண்டும். காந்த நாடாக்கள் காலத்தால் சிதைவன. பள்ளிகளில் எஞ்சியுள்ள நாடாக்களையும், அவற்றைக் கையாண்ட ஆசிரியர்களின் வாய்மொழிச் சான்றுகளையும் தொகுத்து எண்மமாக்குவது தமிழ் ஆய்வுலகின் உடனடிக் கடமையாகும்.