சேத்துப்பட்டில் நடந்த பரீட்சை

நோய்களை ஆராய்வதற்கென்றே பொதுப் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கிவைக்கும் வழக்கம் மிகப் பழமையானதன்று. 1911-ஆம் ஆண்டில் பிரிட்டனில் நிறைவேறிய தேசிய இன்ஷூரன்ஸ் சட்டம், அதன் கீழ் வந்த தொழிலாளர்களில் தலைக்கு ஆண்டொன்றுக்கு ஒரு பென்னி வீதம் மருத்துவ ஆராய்ச்சிக்கு எடுத்துவைக்க வழிசெய்தது. அந்தப் பென்னிகளைக் கொண்டு நிறுவப்பட்ட குழுவே 1920-இல் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலாக உருவெடுத்தது. அதே 1911-இல் நம் நாட்டில் தோன்றிய இந்திய ஆராய்ச்சி நிதிச் சங்கம், தொற்று நோய்களைப் பற்றிய ஆராய்ச்சிகளுக்குப் பொருளுதவி செய்துவந்து, சுதந்திரத்துக்குப் பின் 1949-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் என்று பெயர் மாறிற்று. இவ்விரண்டு ஸ்தாபனங்களும் க்ஷயரோகம் என்னும் காசநோயின் பொருட்டுச் சென்னையில் கைகோத்த வரலாறு, பொதுப் பணம் எதற்குப் பயன்பட வேண்டும் என்பதற்குச் சிறந்த திருஷ்டாந்தமாகும்.

அக்காலத்தில் அந்நோயின் கொடுமை சொல்லுந்தரமன்று. நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் நோயுற்றிருக்கிறார்கள் என்றும், ஆண்டுதோறும் 5 லட்சம் பேர் மாண்டுபோகிறார்கள் என்றும், இத்தனை பேருக்குமாக இருக்கும் படுக்கைகளோ ஏறக்குறைய 6,000 மட்டுமே என்றும் நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) என்பவரின் கமிட்டி 1946-இல் வெளியிட்ட அறிக்கை கணக்கிட்டது. ஓய்வு, சுத்தமான காற்று, போஷாக்கான உணவு ஆகிய மூன்றுமின்றி நோய் தீராது என்பது வைத்தியர்களின் நெடுநாளைய சித்தாந்தமாதலால், க்ஷயரோகிகள் தங்கிச் சிகிச்சை பெறும் சானடோரியத்தில் இடம் கிடைக்காத ஏழைக்குக் கதிமோட்சமில்லை என்றே யாவரும் எண்ணியிருந்தனர். இதற்கிடையே ஐஸோனியாஸிட், பி.ஏ.எஸ். முதலிய மருந்துகள் வந்துவிடவே, அவற்றை வீட்டிலிருந்தபடியே உட்கொண்டால் போதாதா என்ற கேள்வி எழுந்தது.

அக்கேள்வியை முறையாகப் பரீட்சித்து முடிவு காண, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை சர்க்கார், உலக சுகாதார ஸ்தாபனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகிய நான்கும் கூடி, 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தின. ஸ்ட்ரெப்டோமைஸின் மருந்தைச் சோதித்து 1948-இல் முடிவுகளை வெளியிட்டதன் மூலம், நோயாளிகளைத் தற்செயல் முறையில் பிரித்து ஒப்பிடுவதில் பெரும்புகழ் பெற்றிருந்தது பிரிட்டிஷ் கவுன்சில். அங்கிருந்து வந்த டாக்டர் வாலஸ் பாக்ஸ் என்பவர் சென்னைப் பணிக்குத் தலைமை தாங்கினார். நகரத்து ஏழை மக்களிடையேயிருந்து 200-க்குச் சற்றுக் குறைவான நோயாளிகளைத் தேர்ந்து, ஒரு பாதியினரைச் சானடோரியத்துக்கு அனுப்பி, மறுபாதியினரை வீட்டிலேயே இருத்தி, இருசாராருக்கும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைக் கொடுத்து, சளியையும் எக்ஸ்ரே படங்களையும் இடைவிடாது சோதித்துவந்தனர். சென்னையில் எடுத்த கிருமிகள் லண்டன் ஆய்வுக்கூடத்திலும் கினிப் பன்றிகளைக் கொண்டு பரிசோதிக்கப்பட்டன.

1959-இல் உலக சுகாதார ஸ்தாபனத்தின் வெளியீட்டில் முடிவுகள் பிரசுரமாயின. சானடோரியத்தில் 92 சதவீதத்தினரும், வீட்டில் 86 சதவீதத்தினரும் நற்பலன் அடைந்திருந்தனர். நெருக்கமான வீடுகளில், போதிய ஓய்வும் நல்ல உணவும் இன்றி வாழ்ந்தவர்களுக்கும் மருந்து ஏறக்குறைய அதே அளவுக்குப் பலித்ததுமன்றி, வீட்டிலிருந்த நோயாளியால் குடும்பத்தாருக்குத் தொற்றும் அபாயம் அதிகமாகவில்லை என்பதும் பின்னர் உறுதிப்பட்டது. நோயாளிகள் மருந்தை ஒழுங்காக உட்கொள்கிறார்களா என்று கண்காணிப்பதே பெரும்பாடு என்பதையும் சென்னை ஆராய்ச்சியாளர்கள் உணர்ந்தமையால், ஒருவர் முன்னிலையில் மருந்து கொடுக்கும் முறையையும் அவர்கள் பரீட்சித்தனர். அதுவே பிற்காலத்தில் உலகமெங்கும் பரவிற்று.

படுக்கைகள் இல்லை என்று கைபிசைந்து நின்ற ஏழை நாடுகளுக்கு, படுக்கை இன்றியமையாததன்று என்று அறிவித்த இந்த ஆராய்ச்சி, மருந்து விற்பவர்களுக்கோ மருத்துவமனை கட்டுபவர்களுக்கோ தனி லாபம் தரத்தக்கதன்று. லாபம் பெற்றவர்கள் பெயரறியாத கோடிக்கணக்கான நோயாளிகளே. ஆகையால் செலவைப் பொதுப் பணமே ஏற்க வேண்டியிருந்தது. சேத்துப்பட்டு நிலையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயருடன் நடந்துவருகிறது. பட்ஜெட்டில் ஆராய்ச்சிக்கென்று கேட்கப்படும் தொகை வீண் செலவு என்று எவரேனும் வாதிப்பாராயின், சானடோரியம் எட்டாத ஏழைக்கும் வீட்டிலேயே உயிர் பிழைக்க வழிகாட்டிய இந்த ஆராய்ச்சி எந்தப் பணத்தில் நடந்தது என்பதை நாம் அவருக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.