பெயர் கொடுத்தோர் மேடை

சபையேறுவதற்குத் தகுதி வேண்டும் என்பதும், அத்தகுதியை முன்னரே சபையேறியவர்கள்தாம் அளிக்க வேண்டும் என்பதும் உலகெங்கும் வேரூன்றிய சம்பிரதாயம். அந்த நியதியை விலக்கி, வாசலில் பெயர் எழுதிக் கொடுத்தவர் யாராயினும் தம் முறை வந்ததும் மைக்கின் முன் நின்று தம் சொல்லைச் சொல்லலாம் என்று வகுத்த திறந்த மேடைகளுள், நியூயார்க் நகரத்து நூயோரிக்கன் பொயட்ஸ் கஃபேக்குத் தனிச் சிறப்பு உண்டு; ஏனெனில், அது இரண்டு பாஷைகளுக்கு இடையே இடமின்றி நின்ற ஒரு ஜனசமூகம் தனக்கென அமைத்துக்கொண்டு, பின்னர் பிறர்க்கும் திறந்து வைத்த சபை.

1898-இல் ஸ்பெயினுடன் நிகழ்ந்த யுத்தத்தின் முடிவில் அமெரிக்க ஆதிக்கத்தின்கீழ் வந்த போர்ட்டோ ரிக்கோத் தீவின் மக்கள், 1917-இல் அந்நாட்டின் பிரஜைகளாக்கப்பட்டனர். இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பின் அவர்களுள் லட்சக்கணக்கானோர் ஜீவனோபாயம் தேடி நியூயார்க்கில் குடியேறினர். வீட்டில் ஸ்பானிய மொழியும் பள்ளியில் ஆங்கிலமும் வீதியில் இரண்டும் கலந்ததுமாகப் பேசி வளர்ந்த அவர்களுடைய குழந்தைகளை நகரம் அந்நியர் என்றது. தாயகமோ, பாஷையைக் கெடுத்தவர்கள் என்ற பொருள்பட, 'நூயோரிக்கன்' என்று இகழ்ந்தது. நியூயார்க்கையும் போர்ட்டோ ரிக்கோவையும் இணைத்துப் பிறந்த அந்த வசைச்சொல்லையே பட்டமாகச் சூட்டிக்கொண்டதில்தான் இம்மேடையின் சரித்திரம் தொடங்குகிறது.

தீவில் பிறந்து சிறுவயதிலேயே நியூயார்க் வந்து, ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ஷேக்ஸ்பியரைப் போதித்த மிகேல் அல்காரின் என்பவர், 1973-இல் தம் வீட்டுக் கூடத்தில் கவிஞர்களைக் கூட்டலானார். சிறையில் இருந்தபோது தாம் உருவாக்கிய 'ஷார்ட் ஐஸ்' நாடகத்துக்காக 1974-இல் நியூயார்க் நாடக விமர்சகர் வட்டத்தின் பரிசைப் பெற்ற மிகேல் பின்யெரோ அவருடைய தோழர். பேராசிரியரும் சிறை மீண்டவரும் ஒரே கூடத்தில் சமமாக அமர்ந்த அந்தத் தொடக்கமே பின்னால் வந்த யாவற்றுக்கும் இலக்கணமாயிற்று. கூட்டம் வீட்டில் அடங்காமற் போகவே, 1975-இல் கிழக்கு ஆறாம் தெருவில் ஐரிஷ்காரர்களின் பழைய மதுக்கடை ஒன்றை வாடகைக்குப் பிடித்தனர். அவ்வாண்டிலேயே இருவரும் தொகுத்த நூயோரிக்கன் கவிதைத் தொகுதியும் வெளியாயிற்று. பின்னர் கிழக்கு மூன்றாம் தெருவில் இந்தக் கஃபே மன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடைத்தது.

தீவில், கவிதையை மனப்பாடமாக உணர்ச்சியுடன் ஓதுவதும், பத்தடிச் செய்யுளைச் சபையிலேயே கட்டிப் பாடுவதும் நெடுங்கால வழக்கம். அவ்வழக்கம் கடல் கடந்து வந்து, கறுப்பினக் கவிஞர்களின் பேச்சோசையோடு நியூயார்க்கில் கலந்தது. சில ஆண்டுகள் மூடிக் கிடந்த மன்றம், 1988-இல் பின்யெரோ காலமான பின் புத்துயிர் பெற்றபோது, சிகாகோவில் தோன்றியிருந்த கவிதைப் போட்டியைப் பாப் ஹோல்மன் என்னும் கவிஞர் அங்கே கொணர்ந்தார். சபையோரிலிருந்தே பொறுக்கியெடுத்த நடுவர்கள் மதிப்பெண் வழங்கும் அப்போட்டியின் கவர்ச்சியால், பல இனத்துக் கவிஞர்களும் அம்மேடையை நாடி வந்தனர்.

இத்தகைய சபையில் அயலான் ஒருவன் அமர்ந்திருக்கும் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஆங்கிலத்தில் தொடங்கிய அடி ஸ்பானியத்தில் முடியும்போது, அவனுக்குப் பாதிச் சொற்கள் விளங்குவதில்லை. பக்கத்தில் இருப்பவர் சிரித்த பின்னரே அங்கே ஹாஸ்யம் இருந்ததை அறிகிறான். ஆயினும், தன் பாஷையே உலகத்தின் அளவுகோல் என்ற எண்ணம் அவனிடமிருந்து அந்த ஒரு கணத்திலேனும் நீங்கிவிடுகிறது. அடுத்து வருபவர் அவனுடைய மொழியிலேயே பேசுவார். அப்போது பக்கத்தில் இருப்பவர் அதே பொறுமையுடன் கேட்டுக்கொண்டிருப்பார். கலாசாரங்களின் சந்திப்பு என்று பெரிய வார்த்தைகளில் நாம் கூறுவதெல்லாம் முறை மாறி முறை கேட்கும் இந்தச் சிறு தர்மத்தில்தான் அடங்கியிருக்கிறது.

திறந்த மேடையின் பெருமையைப் பேச வந்தவரின் திறமையைக் கொண்டு அளப்பது பிழை. கேட்க இருந்தவரின் பொறுமையைக் கொண்டே அதனை அளத்தல் வேண்டும். ஆகவே, எந்த ஊரிலேனும் அத்தகைய மேடை ஒன்றுக்குச் செல்ல நேரும் வாசகர்கள், தமக்கு வேண்டியவர் பேசி முடித்ததும் எழுந்து வந்துவிடாமல், பட்டியலின் கடைசிப் பெயர் அழைக்கப்படும்வரை இருந்து கேட்க வேண்டுகிறேன்.