பழைய வீட்டைக் காப்பவர் யார்?

நடுவர் அவர்களே! பழைய வீடுகளைக் காப்பாற்ற வேண்டியது அரசாங்கம்தான் என்று எதிரணி நண்பர் முழங்கிவிட்டு அமர்ந்திருக்கிறார். ஐயா, உங்க வீட்டுல ஓடு நழுவினா தாசில்தாரா ஏணி போட்டு ஏறுவார்? (சிரிப்பு)

செட்டிநாட்டுக்கு வாங்க. பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு, முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளும் மாளிகைகள். பலவும் பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளில் எழுந்தவை. 1942-ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் புகுந்தது. கடை, நிலம், கொடுத்த கடன் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தாங்க. வருமானம் போச்சு; வீடு மட்டும் நின்னுது.

அந்த வீடும் ஒருத்தருக்குச் சொந்தமில்லை. பங்காளிகள் அத்தனை பேருக்கும் சொந்தம். மணமான ஒவ்வொரு மகனுக்கும் வளவில் ஓர் இடம். மூணாவது தலைமுறையில அறைக்கு அறை பங்கு கேட்க ஆள் உண்டு. ஒழுகுற கூரைக்கு மட்டும் பங்காளி இல்லை! (கைதட்டல்) முடிவு என்ன? எத்தனையோ வீடுகளின் கதவும் தூணும் காரைக்குடிப் பழம்பொருள் கடைகளுக்கு வந்துவிட்டன.

இடிக்கக் கொடுத்த அப்படியொரு செட்டிநாட்டு வீடு, இன்று சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டில் தலைநிமிர்ந்து நிற்கிறது. இடம், தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் 1984-ல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் உருவாக்கி, 1996 டிசம்பரில் திறந்த வளாகம். வரைபடம் தந்தவர் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர். பிறந்த ஊரால் அவர் ஆங்கிலேயர், அந்த அம்மையார் அமெரிக்கர். நம்ம வீட்டு அருமை அவங்களுக்குத் தெரிஞ்சுது!

"நிலம் யார் தந்தது?" என்று கேட்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன், 10 ஏக்கரையும் குத்தகைக்குத் தந்தது அரசுதான். ஆனா நிலம் தானா வீடாயிடுமா? எந்த உத்தரம் எந்தத் தூணில் உட்கார்ந்தது என்று அறிந்து, பிரித்ததை மறுபடி பூட்டியது கைவினைஞர்களின் கை. செலவுக்குத் தோள் கொடுத்தது நன்கொடையாளர்கள்.

சரி, வீட்டைக் காத்தாச்சு. வீட்டுக்குள்ள இருந்த ஏடுகள்? திரும்பும் வழியில் தரமணியில் இறங்குங்க. கோட்டையூர் ரோஜா முத்தையா என்ற தனிமனிதர், தம் வீட்டிலேயே சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் சுமார் 1 லட்சம். 1992-ல் அவர் மறைந்தார். 1994-ல் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. கப்பலேற்றிக் கொண்டுபோகவில்லை; தமிழ்நாட்டிலேயே நூலகமாக்கியது. இன்றும் தரமணியில் ஆய்வாளர்கள் அங்கே போய்ப் படிக்கிறார்கள்.

அரசு இடம் தரட்டும், சட்டம் தரட்டும், வேண்டாம்னு சொல்லலை. ஆனால் முதல் கை நம்ம கையா இருக்கணும். உங்க ஊர்ல பூட்டிக் கிடக்கிற பாட்டன் வீடு இருக்கா? பங்காளிகளைக் கல்யாணத்துல பார்க்கும்போது பாகப்பிரிவினை பேசாதீங்க. மழைக்கு முன்னால ஓடு மாத்துறதைப் பேசுங்க. பழைய வீட்டைக் காப்பவர்கள் மக்களே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.