ஆள் படிச்சவனா?

எங்கட அம்மப்பாவிடம் எந்த வேட்பாளரின் பெயரைச் சொன்னாலும் முதலில் வருகிற கேள்வி ஒன்றுதான். "ஆள் படிச்சவனா?" கட்சி, சின்னம், ஊர், சமயம் எல்லாம் அதுக்குப் பிறகுதான். 2024 செப்டம்பர் 21, சனிக்கிழமை காலை, குச்சவெளியில் வாக்குப் போடுகிற வரிசையில் நின்றபோதும் அதையே கேட்டார். எனக்கு அது முதலாவது ஜனாதிபதித் தேர்தல். அவருக்கு எத்தனையாவது என்று விரல் மடித்து எண்ணினார். 1982 இல் தொடங்கி, மண்டபம் முகாமில் அகதியாக இருந்தபோது நடந்த 1994 ஐ மட்டும் விட்டால், மற்றதெல்லாம் போட்டிருக்கிறார். எட்டாவது.

கம்பஸுக்குப் போன பிறகு அவருடைய கேள்வியை நான் ஒரு வரலாற்றுக் கேள்வியாகப் பார்க்கத் தொடங்கினேன். புத்தியுள்ள, யோசித்துச் செய்கிற ஒரு ஆள் நாட்டை ஆளவேணும் என்ற ஆசை இல்லாத தேர்தல் இலங்கையில் நடந்த மாதிரித் தெரியவில்லை. அப்படியான ஆக்கள் போட்டியிட்டும் இருக்கிறார்கள். சிலர் வென்றும் இருக்கிறார்கள். பிறகு என்ன நடந்தது?

முதலாவது தேர்தலில் இருந்தே பார்ப்போம். 1982 ஒக்டோபர் 20. ஆறு பேர் போட்டியிட்டார்கள்: ஜே.ஆர். ஜெயவர்தன, ஹெக்டர் கொப்பேகடுவ, ரோஹண விஜேவீர, குமார் பொன்னம்பலம், கொல்வின் ஆர். டி சில்வா, வாசுதேவ நாணயக்கார. படிப்பு என்று பார்த்தால் இந்த ஆறு பேரில் கொல்வினுக்குக் கிட்ட ஆரும் வரமாட்டார்கள். லண்டனில் வரலாற்றில் கலாநிதிப் பட்டம். பிரித்தானியர் இலங்கையைப் பிடித்த காலத்தைப் பற்றி அவர் செய்த ஆய்வு பிறகு நூலாக வந்தது. 1935 இல் லங்கா சமசமாஜக் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிறையில் போட்டார்கள். 1942 இல் கண்டிச் சிறையில் இருந்து தப்பி இந்தியாவுக்குப் போனார். நீதிமன்றத்தில் பேர்போன சட்டத்தரணி. ஒரு சினிமாவுக்குப் போதுமான வாழ்க்கை.

தமிழ் ஆக்களுக்கு அவரைத் தெரிந்தது 1956 ஆல். தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது, இரண்டு மொழி என்றால் ஒரு நாடு, ஒரு மொழி என்றால் இரண்டு நாடு என்ற கருத்தை நாடாளுமன்றத்தில் வைத்தவர் அவர். பிறகு முப்பது வருஷம் நடக்கப்போவதை அவ்வளவு சுருக்கமாக முன்கூட்டிச் சொன்ன இன்னொரு சிங்கள அரசியல்வாதியை எனக்குத் தெரியாது.

1982 இல் அந்த மனிதருக்குக் கிடைத்தது 58,531 வாக்குகள். ஒரு வீதம்கூட இல்லை. முதன்முதலில் இதைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. சனத்துக்குப் புத்தி இல்லை, அதுதான் இந்த நாடு இப்படி என்று ஒரு நீளமான பேஸ்புக் பதிவுகூட எழுதினேன். அதைப் பிறகு அழித்துவிட்டேன். காரணம் 1972.

1970 இல் வந்த கூட்டணி அரசாங்கத்தில் அரசியலமைப்பு விவகாரத்துக்குப் பொறுப்பான அமைச்சர் இதே கொல்வின்தான். 1972 மே 22 இல் வந்த முதலாவது குடியரசு அரசியலமைப்பில் பெரும்பங்கு அவருடையது. சோல்பரி அரசியலமைப்பில் சிறுபான்மையினருக்கு இருந்த 29ஆம் பிரிவுப் பாதுகாப்பு அதில் இல்லாமல் போனது. சிங்களம் அரசகரும மொழி என்பது அரசியலமைப்பிலேயே ஏறியது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. தமிழரசுக் கட்சி அரசியல் நிர்ணய சபைக்குப் போய்த் தன் யோசனைகளை வைத்தது. ஒன்றும் எடுபடவில்லை. 1971 இல் வெளியே வந்தது. அந்த அரசியலமைப்பு வருவதற்கு எட்டு நாள் முன்னம், மே 14 ஆம் திகதி, தமிழ்க் கட்சிகள் சேர்ந்து தமிழர் ஐக்கிய முன்னணியை உருவாக்கின. எங்கே தெரியுமா? எங்கட திருகோணமலையில்தான்.

1956 இல் சரியாகச் சொன்ன அதே மூளை 1972 இல் அதற்கு மாறாக எழுதியது. இடையில் அவருடைய படிப்புக் குறையவில்லை. வாசித்த புத்தகங்கள் மறந்துபோகவில்லை. மாறியது அவர் இருந்த இடம். கூட்டணி, அமைச்சுப் பதவி, சிங்கள வாக்கு வங்கி. இதை நான் அவரைத் திட்டுவதற்குச் சொல்லவில்லை. அறிவாளி என்றால் பிழை விடமாட்டார் என்ற நம்பிக்கையில் எனக்கு விழுந்த முதல் ஓட்டை இது.

அம்மப்பாவிடம் இதைக் கேட்டேன். "கொல்வினுக்கா போட்டனீங்கள்?" "போட விருப்பம்தான். வீணாப் போகும் எண்டு கொப்பேகடுவவுக்குப் போட்டனான்." "56 இல அந்தாள் சொன்னது ஞாபகம் இருந்ததோ?" "மறக்கேல்ல." "72?" "அதையும் மறக்கேல்ல."

வென்றவர் ஜே.ஆர், 52.91 வீதம். அவரையும் புத்தி இல்லாதவர் என்று ஆரும் சொல்லமாட்டார்கள். நரி என்றுதான் சொன்னார்கள். அந்தப் புத்தியை வைத்து அவர் செய்த முதல் வேலை, அதே வருஷம் டிசம்பர் 22 இல் ஒரு சர்வசன வாக்கெடுப்பு. நாடாளுமன்றத் தேர்தல் நடத்தாமல், இருக்கிற நாடாளுமன்றத்தையே இன்னும் ஆறு வருஷம் நீடிக்கலாமா என்று கேட்டார்கள். ஓம் என்றால் விளக்கு, இல்லை என்றால் பானை. விளக்கு வென்றது. அடுத்த வருஷம் யூலை என்ன நடந்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

1994 அம்மப்பா வானொலியில் கேட்ட தேர்தல். பாரிஸில் படித்த சந்திரிகா 62 வீதத்துக்கு மேல் எடுத்து வென்றார். சமாதானம் வருமென்று தமிழ் ஆக்களும் நம்பினார்கள். பேச்சுவார்த்தை முறிந்தது, போர் திரும்பியது. ஆனாலும் 1995 இல் அவர் வைத்த அதிகாரப் பகிர்வு யோசனை, இதுவரை ஒரு அரசாங்கம் வைத்ததில் தூரம் போன ஒன்று. அதை எழுதியதில் பேராசிரியர் ஜீ.எல். பீரிஸோடு கலாநிதி நீலன் திருச்செல்வமும் இருந்தார். 1999 யூலை 29, கொழும்பில் நீலனைத் தற்கொலைக் குண்டுதாரி கொன்றார். புலிகள்தான் செய்தது. அடுத்த வருஷம் அந்த யோசனை மெலிந்து போய் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, எதிர்க்கட்சியினர் அதன் பிரதிகளைச் சபைக்குள்ளேயே எரித்தார்கள். தெற்கு மட்டும்தான் யோசிக்கிற ஆளை விரட்டியது என்று எழுதிவிட்டுப் போவது எனக்கு வசதி. ஆனால் நீலனின் பெயரை விட்டுவிட்டு இந்தக் கட்டுரையை எழுத ஏலாது.

2005, 2010, 2015 ஐ வேகமாகக் கடக்கிறேன். அந்த மூன்றிலும் எங்கட பக்கம் ஆர் வரவேணும் என்று போட்டதைவிட, ஆர் வரக்கூடாது என்று போட்டதுதான் கூட. 2010 இல் போரை நடத்திய இராணுவத் தளபதிக்கே திருகோணமலை மாவட்டம் கூடுதலாக வாக்குப் போட்டது என்றால் பாருங்கோவன்.

2019 தான் நின்று பார்க்கவேண்டிய இடம். ஏனென்றால் 'அறிவு' என்பதையே சந்தைப்படுத்திய தேர்தல் அது. கோட்டாபய ராஜபக்ஷவுக்குப் பின்னால் 'வியத்மக' என்று ஒரு அமைப்பு இருந்தது. பேராசிரியர்கள், வைத்தியர்கள், பொறியியலாளர்கள், கம்பனிக்காரர்கள், ஓய்வுபெற்ற படையதிகாரிகள். கற்றோரின் பாதை என்று சொல்லலாம். வேட்பாளர் லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சட்டக் கல்லூரியில் கணினி வேலை பார்த்தவர். வழமையான அரசியல்வாதி இல்லை, வேலை தெரிந்தவர், நிபுணர்களைக் கேட்டு நடப்பார் என்பதுதான் விளம்பரம். தெற்கில் நிறையப் பேர் அதை மனமார நம்பினார்கள். வென்ற கையோடு சிங்கள இளைஞர்கள் தூரிகையும் வாளியுமாக மதில்களில் படம் வரைந்ததை நான் போனில் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது பதினேழு வயது. உண்மையைச் சொன்னால் கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. எங்கட மாவட்டம் அதே தேர்தலில் சஜித் பிரேமதாசவுக்கு 72 வீதம் கொடுத்தது.

அந்த நிபுணர்கள் எங்கட பக்கம் வந்த விதம் இது. 2020 யூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைகளுக்கு என்று ஒரு ஜனாதிபதிச் செயலணி. தமிழரும் முஸ்லிம்களும் பெரும்பான்மையாக வாழுகிற மாகாணம். ஆரம்பத்தில் நியமித்த குழுவில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. தலைவர் பாதுகாப்புச் செயலாளர். பிறகு கொரோனா. இறந்த உடலை அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்க, நிலத்தடி நீர் பழுதாகும் என்று இங்கே ஒரு நிபுணர் குழு சொன்னதாக, எல்லா உடலையும் எரித்தார்கள். புல்மோட்டை, இறக்கக்கண்டி, நிலாவெளி என்று எங்கட வீதியோரம் முழுக்க முஸ்லிம் ஊர்கள். அந்த வீடுகளில் இருந்த பயம் எப்படிப்பட்டது என்று என்னோடு படித்த பிள்ளைகளைக் கேட்டால் சொல்லுவார்கள். 2021 பெப்ரவரி கடைசியில் அந்த விதியை மாற்றினார்கள். அரசாங்கம் மன்னிப்புக் கேட்க முடிவெடுத்தது 2024 யூலையில்.

அடுத்தது பசளை. சேதன விவசாயத்துக்குப் பத்து வருஷத்தில் மாறுவோம் என்பது தேர்தல் விஞ்ஞாபனத்தில் இருந்தது. 2021 மே 6 இல் ஒரே வர்த்தமானியில் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடை செய்தார்கள். பத்து வருஷ வேலை ஒரு இரவில். விவசாய விஞ்ஞானிகள் எச்சரித்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே பகிரங்கமாகவே விமர்சித்தார். அவரை அமைச்சின் பொறுப்புகளில் இருந்து நீக்கினார்கள். கற்றோரை வைத்து ஆட்சிக்கு வந்த அரசாங்கம்! நவம்பரில் தடை போனது. அதற்குள் பெரும்போகம் தொடங்கிவிட்டது. யூரியா இல்லாத அந்தப் போகத்தைப் பற்றி எங்கட பக்கத்து வயல்காரரிடம் கேட்டுப் பாருங்கள், நெல்லு எத்தனை மூடை குறைந்தது என்று கணக்காகச் சொல்லுவார்கள்.

படித்த ஆள் இல்லாமல் இது நடக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். மத்திய வங்கியில் பொருளியல் பேராசிரியர் இருந்தார். ஜனாதிபதியின் செயலாளர் பொருளியல் கலாநிதி. 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் பொருளாதார நெருக்கடிக்குப் பொறுப்பானவர்கள் என்று சொன்ன பட்டியலில் ராஜபக்ஷ சகோதரர்களோடு அவர்களும் இருந்தார்கள். குறை மூளையில் இல்லை. நீங்கள் செய்வது பிழை என்று சொல்லுகிற ஆளை ஒரு கையெழுத்தில் வீட்டுக்கு அனுப்பக்கூடிய கதிரையில் இருந்தது. 2020 ஒக்டோபரில் 20ஆம் திருத்தம் அந்தக் கதிரையை இன்னும் உயர்த்திக் கொடுத்தது. 156 பேர் கை உயர்த்தினார்கள். 1994 இல் சந்திரிகா, பிறகு மஹிந்த, மைத்திரி என்று வந்தவர்கள் நிறைவேற்று ஜனாதிபதி முறையை ஒழிப்போம் என்றுதான் வாக்குக் கேட்டார்கள். ஏறி இருந்த பிறகு அது நல்ல வசதியான கதிரை போல.

2022 மே 9 இல் பிரதமர் பதவியை விட்ட மஹிந்த ராஜபக்ஷவை அடுத்த நாள் கொண்டுவந்து வைத்தது எங்கட திருகோணமலைக் கடற்படைத் தளத்தில். வாசலில் சனம் கூடிவிட்டது. இயற்கைத் துறைமுகம் என்று புத்தகத்தில் படித்திருக்கிறோம். அது ஒதுங்குவதற்கும் நல்ல இடம் என்று ஊரில் பகிடி விட்டார்கள்.

இப்ப 2024. வாக்குச்சீட்டில் 39 பெயர், நீளம் ஒன்றரை முழம். களனிப் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியான அநுர குமார திசாநாயக்க முதல் எண்ணிக்கையில் 42.31 வீதம் எடுத்தார். ஐம்பது வீதத்தை ஆரும் தாண்டாததால், இலங்கை வரலாற்றில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு வாக்கை எண்ணினார்கள். எங்கட மாவட்டத்தில் சஜித்தான் முதல். தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு நாடு முழுக்கக் கிடைத்தது 226,343. நவம்பரில் தேசிய மக்கள் சக்தி 159 ஆசனம் எடுத்தது, சமூக மானிடவியல் கலாநிதி ஹரினி அமரசூரிய பிரதமர். அடுத்த மாதமே புதிய சபாநாயகர், பெயருக்கு முன்னால் இருந்த 'கலாநிதி' பட்டத்துக்கு உடனே ஆவணம் காட்ட ஏலாமல் பதவி விலகினார். பட்டத்துக்கு இவ்வளவு மரியாதை கொடுக்கிற சனம் என்று தெரிந்ததால்தானே அந்தப் பட்டம் அவ்வளவு பெரிய விஷயமானது? இதில் அம்மப்பாவுக்கும் பங்கு இருக்கிறது, எனக்கும் இருக்கிறது.

வரிசையில் நின்றபோது அவருக்கு ஒன்றை விளங்கப்படுத்தினேன். 1, 2, 3 என்று இலக்கம் போடலாம். முதலாவது ஆள் தோற்றாலும் இரண்டாவது வாக்கை எண்ணுவார்கள். நாற்பத்திரண்டு வருஷமாக இந்த முறை இருக்கிறது. "அப்ப 82 லயும் இப்பிடிப் போட்டிருக்கலாமோ?" என்றார். "ஓம்." "ஒருத்தரும் சொல்லேல்லையே."

வாக்குப் போட்டுவிட்டு வெளியே வந்து, நகத்தில் மையோடு நின்றபோது கேட்டேன். "இலக்கம் போட்டனீங்களோ?"

"ரெண்டு போட்டனான்."

"முதலாவது ஆருக்கு?"

"அந்தாள் வெல்லாது," என்றார்.