மேற்கோட்குறியும் புனைகதை மாந்தர் பேச்சும்

நான் கள்ளன் என்று கந்தன் சொன்னான். இவ்வாக்கியத்திற் கள்ளன் யார்? கந்தன் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டானா, அன்றிக் கதைசொல்லிமீது பழி சுமத்தினானா என்பதை இதனைக் கொண்டு மட்டும் துணிதல் அரிது. “நான் கள்ளன்” என்று மேற்கோட்குறியிடின் ஐயம் நீங்குகின்றது. இச்சிறு குறி தமிழ்ப் புனைகதையில் ஆற்றிய பணியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஏட்டுச்சுவடிகளிற் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை. மெய்யெழுத்தின் புள்ளியும் பெரும்பாலும் இடப்படுவதில்லை. பிறர் கூற்றை உணர்த்தும் பொறுப்பை ‘என’, ‘என்று’, ‘என்றான்’ ஆகிய சொற்களே ஏற்றிருந்தன. அவை கூற்றின் முடிவைக் காட்டினவேயன்றித் தொடக்கத்தைக் காட்டவில்லை. ஒருவர் வாசிக்கப் பலர் கேட்ட சூழலில் வாசிப்பவரின் குரலே அக்குறையை நிரப்பியது.

அச்சுநூலைத் தனியே வாசிக்கும் வழக்கம் பரவியபோது குரலின் இடத்தைக் குறி பெறவேண்டியதாயிற்று. நல்லூர் ஆறுமுக நாவலர் (1822 - 1879) மேனாட்டு நிறுத்தக்குறிகளைத் தமிழ் உரைநடையிற் சீராகக் கையாண்டார். அவர் மறைந்த 1879ஆம் ஆண்டிலேயே வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ வெளியாயிற்று. 1885இல் சித்திலெப்பையின் ‘அசன்பே சரித்திரம்’ இலங்கையிலிருந்து தோன்றியது. பலர் பேசும் நாவலில் எவர் கூற்று எதுவெனப் பிரித்தறிதல் இன்றியமையாததாயிற்று.

குறியிடுதற்கு அடிப்படை விதி ஒன்றுண்டு. வினா பாத்திரத்துக்குரியதாயின் வினாக்குறி உள்ளே நிற்கும்: “எப்ப வந்தனீங்கள்?” என்று கேட்டார். வினா கதைசொல்லிக்குரியதாயின் அது வெளியே நிற்கும்: “வருவன்” என்றா சொன்னான்?

இவ்விதியின் பின்னால் உரிமைப் பிரச்சினையொன்று உண்டு. 1960களின் முற்பகுதியில் ஈழத்தில் எழுந்த ‘மரபுப் போராட்ட’த்திற் பொதுமக்களின் பேச்சு ‘இழிசனர் வழக்கு’ என இகழப்பட்டது. முற்போக்கு எழுத்தாளர் அப்பேச்சைத் தம் பாத்திரங்களின் வாயில் வைத்தனர். குறிக்கு வெளியே ஆசிரியரின் எழுத்துத்தமிழ், உள்ளே மக்களின் பேச்சுத்தமிழ் என்ற பங்கீடு பல கதைகளில் நிலைபெற்றது. ஒடுக்கப்பட்டோரின் மொழி ஏட்டிலேறுவதற்கு மேற்கோட்குறி இவ்வாறு வாயிலாயிற்று. எனினும், அம்மொழி கதைகூறலினுட் புகாதவாறு தடுத்த வேலியும் அதுவே.

ஆகவே, குறியைச் சரியாக இடுதல் இலக்கணக் கடமை மட்டுமன்று. ஒருவர் கூறியதை அவர் கூற்றாகவே நிற்கவிடும் நேர்மையும் அதில் அடங்கியுள்ளது. வேலியைத் தாண்டி அப்பேச்சு கதைகூறலையும் ஆளத்தகுமா என்பது இன்று எழுதுவோர் சிந்திக்கற்பாலது.