கஞ்சித்தொட்டி முதல் சடையங்குப்பம் வரை



"மலருக்கு ஒரு கட்டுரை குடுடா, உனக்குத்தான் சரித்திரப் பைத்தியம் உண்டே" என்று மலர்க் குழுவிலிருந்து போன் வந்தது. இன்ஜினியரிடம் சரித்திரம் கேட்டால் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் புலம்பலும்தான் கிடைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2015 டிசம்பர் வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். நம்ம பேட்ச் பசங்க எட்டுப் பேர் ஒரு மினி வேனில் ரொட்டியும் பிஸ்கட்டும் ஏற்றிக்கொண்டு சடையங்குப்பம் போனோம். மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவில், கொசஸ்தலை ஆற்றையும் பக்கிங்ஹாம் கால்வாயையும் ஒட்டிய பகுதி அது. பூண்டியில் தண்ணீர் திறந்துவிட்டால் அங்கே வயிற்றைக் கலக்கும். முழங்கால் தண்ணீரில் நின்றிருந்த ஒரு அம்மா எங்களைப் பார்த்துச் சொன்னார்: "மூணு நாளா ரொட்டிதாம்பா வருது. கொழந்தைக்குப் பால் இல்ல, ராத்திரிக்கு ஒரு மெழுகுவத்தி இல்ல. என்ன வேணும்னு ஒருத்தராவது கேட்டீங்களா?"

நாங்கள் கேட்கவில்லை. வெட்கமாகப் போய்விட்டது. நம்மை மாதிரி உதவப் போனவர்கள் இதற்கு முன்னால் என்ன செய்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

நம்ம வடசென்னையிலேயே தொடங்கலாம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியை 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று பாட்டிமார்கள் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். ஹைதர் அலியின் படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782-ல் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட இடம் அது. மணியக்காரர் சத்திரம் என்று பேர். 1799-ல் அதை ஒட்டி மருத்துவமனை வந்தது, 1938-ல் மருத்துவக் கல்லூரி ஆனது. கொடுப்பவனும் வாங்குபவனும் ஒரே ஊர்க்காரர்கள். பசியை அறிவிக்கத் தந்தி தேவைப்படவில்லை, எட்டிப் பார்த்தாலே தெரிந்தது.

அடுத்து வந்ததுதான் பெரிய சோதனை. 1876-ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 'தாது வருஷப் பஞ்சம்' என்று கிராமங்களில் சொல்வது இதைத்தான். 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவிலும் தக்காணத்திலும் செத்தவர்கள், குறைந்த மதிப்பீட்டின்படியே, 50 லட்சத்துக்கு மேல். இதில் கொடுமை என்னவென்றால், தானியம் இல்லாமல் இல்லை. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பலில் வந்த மூட்டைகள் சென்னைக் கடற்கரையில் மலைபோலக் குவிந்திருந்தன. ராயபுரத்திலிருந்து உள்ளூருக்கு ரயிலும் இருந்தது. வாங்கத்தான் ஏழையிடம் காசு இல்லை. அந்த நேரத்தில், 1877 ஜனவரி 1-ஆம் தேதி, விக்டோரியா ராணியைப் பேரரசியாக அறிவிக்க டெல்லியில் தர்பார் நடந்துகொண்டிருந்தது!

நிவாரண வேலைக்கு வந்த ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் சிக்கனக் கணக்குப் போட்டார். 1874-ல் பீகாரில் பர்மா அரிசியை இறக்குமதி செய்து பல உயிர்களைக் காப்பாற்றி, 'வீண் செலவு' என்று வசவு வாங்கியதும் இதே டெம்பிள்தான்! சென்னையின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ் விடவில்லை. இந்தக் கூலியில் மனுஷன் உழைக்கவும் முடியாது, பிழைக்கவும் முடியாது என்று புள்ளிவிவரத்தோடு எழுதினார். சில மாதங்களில் தானிய அளவு கூடியது, பருப்பும் சேர்ந்தது. காகிதத்தில் எழுதிய நாலு எண்ணிக்கைக்கு அவ்வளவு சக்தி.

இன்னொருவர் வில்லியம் டிக்பி, மெட்ராஸ் டைம்ஸ் ஆசிரியர். 1870-லேயே கடலடித் தந்திக் கம்பி இந்தியாவை இங்கிலாந்தோடு இணைத்துவிட்டது. 1877 ஆகஸ்டில் சென்னையில் கவர்னர் பக்கிங்ஹாம் பிரபு தலைமையில் பொதுக்கூட்டம் கூடி, லண்டன் மேயருக்குத் தந்தி அடித்தார்கள். அங்கே 'மேன்ஷன் ஹவுஸ் நிதி' தொடங்கி, பல லட்சம் பவுன் சேர்ந்தது. டிக்பி இங்கே நிதிக் குழுவின் கௌரவச் செயலாளர். கடல் கடந்த நிவாரண நிதி என்று இன்று சொல்கிறோமே, அதன் மூத்த அண்ணன்களில் ஒன்று இது.

என்னைக் கவர்ந்தது அந்தப் பணம் போன வழிதான். ஜில்லாக்களில் உள்ளூர்க் கமிட்டிகள் அமைத்து, அவர்கள் மூலமாகக் கொடுத்தார்கள். கஞ்சி ஊற்றுவதோடு நிற்காமல், விதை நெல், உழவு மாடு, கூரை வேய, உடுத்தத் துணி என்று போனது. மழை வந்ததும் விவசாயி மறுபடி ஏர் பிடிக்க வேண்டுமே! யாரோ ஒருவர் தெருவில் இறங்கி, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருந்தால்தான் மாடும் விதையும் பட்டியலில் வந்திருக்கும்.

அதே சமயம் ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த புகைப்படங்களும் உண்டு. எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பங்கள். பார்த்தால் ராத்திரி தூக்கம் வராது. ஆனால் அவர்கள் பெயர் என்ன, என்ன சொன்னார்கள் என்பது நமக்கு வந்து சேரவில்லை. நம்ம வாட்ஸ்அப்பில் வெள்ளப் படம் அனுப்புகிறோமே, அதிலும் இதே குறைதான்.

பஞ்சம் வெட்டிய கால்வாயையும் சொல்ல வேண்டும். கொக்ரேன் கால்வாய் என்று எண்ணூர்ப் பக்கம் முன்பே இருந்தது. 1877-78-ல் பஞ்ச நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாறையும் இணைத்து சுமார் 8 கிலோமீட்டர் வெட்டினார்கள். கவர்னர் பெயரால் அது பக்கிங்ஹாம் கால்வாய். வெட்டியவன் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. இன்றைக்கும் அந்தத் தண்ணீர்தான் சடையங்குப்பத்தின் பக்கத்தில் ஓடுகிறது.

அங்கே 'பர்மா நகர்' என்று ஒரு பகுதியும் இருக்கிறது. 1962-ல் ராணுவ ஆட்சி வந்து, 1964-ல் கடைகள் தேசியமயமானதும், பிழைப்பைப் பறிகொடுத்துக் கப்பலேறி வந்த தமிழர்களை நினைவூட்டும் பெயர். 1877-ல் பர்மா அரிசி நம்மைத் தேடி வந்தது. தொண்ணூறு வருஷம் போவதற்குள் பர்மாவிலிருந்து நம் மக்களே அகதிகளாக வந்திறங்கினார்கள். இன்று கொடுப்பவன் நாளை வாங்குபவன். இது தெரிந்தால் கொடுக்கிற கை கொஞ்சம் தாழ்ந்து நிற்கும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும் நம் சங்கத்தில் நிதி திரட்டினோம். நல்ல காரியம்தான். ஆனால் என் விண்ணப்பம் ஒன்று. பணம் திரட்டும் முன் ஒரு நோட்டுப் புத்தகம் திரட்டுவோம். சடையங்குப்பம் மாதிரி பத்து ஊர்களில் ஊருக்கு இரண்டு பேர், அதில் ஒருவர் பெண், அவர்கள் போன் நம்பரோடு. ஐப்பசி மழைக்கு முன்னாலேயே கூப்பிட்டு, "பூண்டி திறந்தால் உங்களுக்கு யார் சொல்றாங்க? என்ன தேவைப்படும்?" என்று கேட்டு எழுதி வைப்போம். செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவும்.

இந்தச் சந்திப்பில் சாப்பாட்டுப் பந்தி முடிந்ததும் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். நோட்டை நான் கொண்டு வருகிறேன். வேன் ஓட்ட மறுபடியும் நம்ம எட்டுப் பேர் தயார். இந்தத் தடவை கேட்டுவிட்டுத்தான் ஏற்றுவோம்.